அம்மை இல்லாத உடம்புக்கு வேப்பிலை

அந்தப் புண் வலித்திருந்தால் அன்றைக்கே யாரிடமாவது காட்டியிருப்பேன். வலிக்கவில்லை. அதுதான் என்னைக் கெடுத்தது.

எனக்கு நாற்பத்தேழு வயது. ஆலத்தியூர் பக்கம் சிமெண்ட் மூட்டை ஏற்றி இறக்கும் வேலை. படிப்பு ஐந்தாம் வகுப்போடு நின்றுவிட்டது. நான் அதிகம் பேசுகிற ஆள் இல்லை. டீக்கடையில் நாலு பேர் உட்கார்ந்திருந்தால் நான் வெளியே நின்று குடித்துவிட்டுத் தம்ளரை வைத்துவிட்டு வந்துவிடுவேன். அப்படிப்பட்டவன் இதை எழுதக் காரணம் பெரம்பலூர் ஆஸ்பத்திரியில் எனக்கு ஆலோசனை சொன்ன அம்மாதான். "ஒங்கள மாதிரி எத்தனையோ பேரு வாயத் தொறக்காமலே சீக்க வளத்துக்கிட்டு இருக்காங்க. பேச வராதுன்னா எழுதிக் குடுங்க" என்றார். எழுதிக் கொடுத்தேன். பிழைகளை அவர் திருத்தினார். என் பெயர் இதில் இல்லை. என் மனைவிக்கு இங்கே கொளஞ்சி என்று பெயர். உண்மையான பெயரைப் போடக் கூடாது என்று சொல்லி, இந்தப் பெயரை எடுத்துக் கொடுத்தவள் அவளே.

தை மாதம் ஒரு லாரியில் லோடுமேனாகக் கர்நாடகா பக்கம் போனேன். சிமெண்டை இறக்கிவிட்டுத் திரும்பும் லோடுக்காக இரண்டு நாள் ஒரு டவுனில் கிடந்தோம். கூட வந்தவர்கள் ஓர் இடத்துக்குப் போனார்கள். நானும் போனேன். இழுத்துக்கொண்டு போனார்கள் என்று எழுதினால் பொய். 'நான் வரல' என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை என்பது உண்மை. வாய் வராததற்கு நான்தான் பொறுப்பு.

மாசியில் குளிக்கும்போது பார்த்தேன். ஆண்குறியில் ஒரு புண். மொச்சைக்கொட்டை அளவு. ஓரம் கெட்டியாக இருந்தது. தொட்டால் வலி இல்லை. தொடை இடுக்கில் நெறி கட்டியிருந்தது, அதிலும் வலி இல்லை. மூட்டை தூக்குகிறவனுக்கு நெறி கட்டுவது ஒன்றும் புதிதல்ல என்று நினைத்துக்கொண்டேன். மருந்துக் கடையில் "வேர்க்குருவுக்கு ஒரு களிம்பு குடுங்க" என்று பொய் சொல்லி வாங்கித் தடவினேன். மூன்று நாலு வாரத்தில் புண் ஆறிவிட்டது. களிம்பு ஆற்றியது என்று சந்தோஷப்பட்டேன். இந்தப் புண் மருந்தே போடாவிட்டாலும் தானாக ஆறிவிடும், ஆறியபின் நோய் ரத்தத்துக்குள் போய்விடும் என்று பின்னால் டாக்டர் சொல்லித்தான் தெரிந்தது.

எழுதக் கை கூசுகிற ஒன்றையும் எழுதிவிடுகிறேன். அந்தப் புண் இருந்த நாட்களிலும் நானும் கொளஞ்சியும் புருஷன் பெண்டாட்டியாகத்தான் இருந்தோம். விளக்கை அணைத்துவிட்டால் அவளுக்குத் தெரியாது என்று நினைத்தேன்.

பங்குனிக் கடைசியில் காய்ச்சல் வந்தது. தொண்டை வலி, எலும்பெல்லாம் குடைச்சல். மூன்றாம் நாள் காலையில் கொளஞ்சி என் சட்டையைத் தூக்கிப் பார்த்தாள். நெஞ்சிலும் முதுகிலும் சிவப்புச் சிவப்பாகத் தடிப்பு. ஊரில் அப்போது இரண்டு வீட்டில் அம்மை கண்டிருந்தது. அவள் கையை எடுத்துக்கொண்டு ஓர் அடி பின்னால் போனாள். கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

"ஆத்தா வந்துருக்காங்க" என்றாள்.

அரை மணி நேரத்தில் வாசலில் வேப்பிலை செருகியாகிவிட்டது. எனக்கு நடு வீட்டில் பாயை விரித்து, அதன் மேல் வேப்பிலையைப் பரப்பினாள். எங்கள் பக்கம் அம்மை வந்த வீட்டில் தாளிக்க மாட்டார்கள். கடுகு வெடிக்கிற வாசம் ஆத்தாளுக்கு ஆகாது. கறி மீன் கிடையாது. தலை சீவக் கூடாது. யார் வீட்டுக்கும் போகக் கூடாது. மாத்திரை கூடாது, ஊசி கூடவே கூடாது. அம்மை போட்ட உடம்பில் ஊசி குத்தினால் ஆத்தாளைக் குத்தியது மாதிரி. படுத்திருக்கிறவனைப் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டார்கள். அவன் கேட்பது ஆத்தா கேட்பது. அவன் முகம் சுளித்தால் ஆத்தா முகம் சுளிக்கிறாள்.

இருபத்தாறு வருஷமாக என்னிடம் "எங்க போய்த் தொலைஞ்சீங்க, சோறு ஆறுது" என்று பேசியவள், பாயோரம் மண்டியிட்டுக் கைகட்டிக் கேட்டாள்.

"ஆத்தா, என்ன வேணும்? எளநீ வெட்டட்டுமா? கூழு கரைக்கட்டுமா?"

நான் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன். எனக்குள் ஒரு சந்தேகம் இருந்தது. சின்ன வயதில் எனக்கு அம்மை போட்டிருக்கிறது. கொப்புளம் எப்படி இருக்கும், எப்படி அரிக்கும் என்று தெரியும். இதில் நீர் கோக்கவில்லை. அரிக்கவும் இல்லை. ஆனால் அம்மை இல்லை என்று நான் சொன்னால், பிறகு என்ன என்று கேட்பார்களே. அந்தப் பயத்தில் ஆத்தாளாகவே படுத்துக் கிடந்தேன்.

பத்து நாள். அந்தப் பத்து நாளும் அவள் ஒருவேளைதான் சாப்பிட்டாள். ஏழாம் நாள் வெயிலில் வைத்த மஞ்சள் வேப்பிலைத் தண்ணீரைத் தலைக்கு ஊற்றினார்கள். தடிப்பு மங்கிவிட்டது. காய்ச்சலும் போய்விட்டது. "எறங்கிட்டாங்க" என்று அவள் அழுதாள். சிறுவாச்சூர் காளிதான் அவள் பிறந்த வீட்டுக் குலதெய்வம். என்னைப் பிழைக்க வைத்தால் அங்கே வந்து மாவிளக்குப் போடுவதாக வேண்டிக்கொண்டதை அப்போதுதான் சொன்னாள்.

எல்லாம் மங்கினாலும் உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் மட்டும் செம்புக் காசு நிறத்தில் வட்டங்கள் இருந்தன. வேலைக்குப் போனதும் கூட இருக்கும் லோடுமேன் என் கையைப் புரட்டிப் பார்த்தான், பூட்ஸைக் கழற்றியபோது காலையும் பார்த்துச் சிரித்தான்.

"அண்ணே, இது சிமெண்டு வெந்ததுண்ணே. எங்க எல்லாருக்கும் கையில போட்டா ஒனக்குக் கால்லயும் போட்டுருக்கு. காலாலயா மூட்ட தூக்குற?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிமெண்ட் எங்களுக்கெல்லாம் கையைத் தின்னும், அது உண்மை. ஆனால் பூட்ஸுக்குள் இருக்கும் உள்ளங்காலுக்கு எப்படிப் போகும்? அடுத்த வாரம் தலை சீவினால் சீப்பில் கொத்துக் கொத்தாக முடி வந்தது. அன்றைக்குத்தான் ஆஸ்பத்திரிக்குப் போவது என்று முடிவு செய்தேன்.

எனக்குப் பக்கம் அரியலூர்தான். ஆனால் அங்கே பெரிய ஆஸ்பத்திரி வாசலில் கொளஞ்சியின் சித்தப்பா மகன் காவல் வேலை பார்க்கிறான். "என்னா மச்சான், ஒடம்புக்கு என்னா?" என்று மைக் இல்லாமலே ஊருக்குக் கேட்கும்படி கேட்பவன். அதனால் பெரம்பலூர் பஸ் ஏறினேன்.

தோல் டாக்டரைப் பார்க்கும் வரிசையில் எனக்கு முன்னால் ஒரு கிழவி உட்கார்ந்திருந்தாள். குரும்பலூர்க்காரியாம். சும்மா இருக்கத் தெரியாதவள்.

"ஒனக்கு என்னாப்பா?"

"கை" என்றேன்.

"கையி நல்லாத்தான இருக்கு?"

"காலும்."

"காலும் நல்லாத்தான் இருக்கு. மொகத்தப் பாத்தாத்தான் சீக்குக்காரன் மாரி இருக்க" என்றாள். பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். எழுந்து போய்விடலாமா என்று தோன்றியது. அந்த நேரம் என் பெயரைக் கூப்பிட்டார்கள்.

டாக்டர் ஒரு பெண். என் மகள் வயதுதான் இருக்கும். பாதி உயிர் அங்கேயே போய்விட்டது. நான் கையை நீட்டி, "சிமெண்டுங்க" என்றேன். அவர் கையைப் பிடித்து வெளிச்சத்தில் பார்த்தார். செருப்பைக் கழற்றச் சொல்லி உள்ளங்காலைப் பார்த்தார். வாயைத் திறக்கச் சொல்லி டார்ச் அடித்துப் பார்த்தார்.

"அரிக்குதா?"

"இல்லைங்க."

"சிமெண்டுன்னா அரிச்சு உயிர எடுக்கும்யா. இது அரிக்கல. ஒடம்பெல்லாம் வந்துச்சா?"

"அம்மை போட்டுருந்துச்சுங்க."

அவர் பேனாவை மூடி வைத்தார். உதவிக்கு நின்ற அம்மாவை வெளியே அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தினார். "அதுக்கு ஒரு மாசம் ரெண்டு மாசம் முன்னாடி கீழ ஒரு புண்ணு வந்து, வலிக்காம, தானா ஆறிப்போச்சா?" என்று கேட்டார்.

நான் யாரிடமும் சொல்லாததை, என்னைப் பத்து நிமிஷத்துக்கு முன் பார்த்த ஒரு பெண் சொல்கிறார். தலையை மட்டும் ஆட்டினேன்.

"பயப்படாதீங்க. இதுக்குப் பேரு சிபிலிஸ். பழைய ஆளுங்க மேகம், கிரந்தின்னு சொல்லுவாங்க. உறவு வழியா வர்ற கிருமி. மொதல்ல புண்ணு. அப்புறம் ஒடம்பெல்லாம் தடிப்பு, கை காலு, முடி கொட்டறது. அதுவும் தானா மறைஞ்சிரும். மறைஞ்சா போயிடுச்சுன்னு அர்த்தமில்ல. உள்ள உக்காந்துக்கும். வருஷக்கணக்கு கழிச்சு மூளை, இதயம், கண்ணுன்னு பிடிக்கும். இப்பவே வந்துட்டீங்க. ஊசியில தீந்துரும்."

நான் கேட்ட முதல் கேள்வி என் பேரக் குழந்தையைப் பற்றி. ஜெயங்கொண்டத்திலிருந்து மகள் வந்திருந்தபோது குழந்தை என் தம்ளரில் தண்ணீர் குடித்தது, என் துண்டில் தூங்கியது. அதனால் ஒன்றும் வராது என்றார் டாக்டர். தம்ளர், துண்டு, கக்கூஸ் இவற்றால் பரவாது. புண்ணின் ஈரம் நேராகப் பட்டால்தான் பரவும், என் வாயில் புண் இல்லை என்றும் சொன்னார். அந்த ஒரு பயம் இறங்கியது. இறங்கிய இடத்தில் இன்னொன்று ஏறியது.

"வீட்டுக்காரம்மாவக் கூட்டிட்டு வரணும்" என்றார் டாக்டர். "அவங்களுக்கும் பரிசோதனை பண்ணணும். ஒண்ணும் தெரியலன்னாலும் உள்ள இருக்கலாம்."

ரத்தம் எடுத்தார்கள். ஒன்று இந்த நோய்க்கு, இன்னொன்று எச்ஐவிக்கு. இரண்டும் வருகிற வழி ஒன்றுதானாம், அதனால் சேர்த்தே பார்ப்பார்களாம். முடிவு வரும்வரை ஒரு நீல நிற பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். அந்த இரண்டு மணி நேரத்தில் நான் செத்து, தூக்கி, பதினாறாம் நாள் காரியம்வரை முடித்துவிட்டேன். அந்தக் காரியத்துக்கு யார் யார் வரமாட்டார்கள் என்றுகூட எண்ணிப் பார்த்தேன்.

எச்ஐவி இல்லை. மூன்று மாதம் கழித்து உறுதிக்கு இன்னொரு முறை பார்க்க வேண்டும் என்றார்கள். சிபிலிஸ் இருந்தது. சீட்டில் 'ஒன்றுக்கு முப்பத்திரண்டு' என்று எழுதியிருந்தது. ஆலோசகர் அம்மா விளக்கினார். ரத்தத்தின் நீரை மேலும் மேலும் நீர் கலந்து மெலிதாக்கிப் பார்ப்பார்களாம். முப்பத்திரண்டு மடங்கு மெலிதாக்கிய பிறகும் நோயின் அடையாளம் தெரிகிறதாம். எனக்கு உடனே புரிந்தது. கலவை போடுகிற கணக்குதான். ஒன்றுக்கு நாலு கெட்டிக் கலவை, ஒன்றுக்கு எட்டு மெலிந்த கலவை. ஆனால் இங்கே எண் பெரிதாக இருந்தால் நோய் கெட்டி. எண் இறங்கிக்கொண்டே வர வேண்டும்.

ஊசி மருந்து பால் மாதிரி வெள்ளையாக, கெட்டியாக இருந்தது. பென்சிலின். முதலில் முன்கையில் ஒரு துளி குத்தி, ஒத்துக்கொள்கிறதா என்று அரை மணி பார்த்தார்கள். பிறகு இடுப்புக்குக் கீழே இரண்டு பக்கமும் ஒவ்வொரு ஊசி. நர்ஸ் அம்மா, "அம்பது கிலோ மூட்ட தூக்குற ஆளு, இதுக்குப் போயி பல்லக் கடிக்கிறீங்க" என்றார். வலித்தது. நோய் வலிக்கவில்லை, மருந்து வலித்தது. சாயங்காலம் காய்ச்சல் வரலாம் என்று டாக்டர் அப்போதே சொன்னாராம். வெட்கத்தில் தலை குனிந்திருந்த எனக்கு அது காதில் ஏறவில்லை.

நாலு மணிக்கு பஸ் ஸ்டாண்டில் நிற்கும்போது நடுக்கம் வந்தது. சித்திரை வெயிலில் பல் அடித்துக்கொண்டது. தூணைப் பிடித்துக்கொண்டு சட்டைக்குள் பார்த்தேன். மங்கிப்போன தடிப்பெல்லாம் ரத்தச் சிவப்பாக மேலே வந்திருந்தது. எனக்குத் தோன்றியதை மறைக்காமல் எழுதுகிறேன். டாக்டர் சொன்னதெல்லாம் பொய், இது அம்மைதான், ஆத்தா உடம்பில் இருக்கும்போதே ஊசி குத்திவிட்டேன், அவள் இப்போது என்னைக் கொண்டுபோகப் போகிறாள் என்று தோன்றியது. ஓர் ஆட்டோக்காரர் என்னைத் திரும்ப ஆஸ்பத்திரியில் கொண்டுவந்து சேர்த்தார்.

ரத்த அழுத்தம் இறங்கியிருக்கிறது என்று கட்டில் கொடுத்து, குளுக்கோஸ் ஏற்றினார்கள். நர்ஸ் என் போனிலிருந்து கொளஞ்சியைக் கூப்பிட்டு, "காய்ச்சல்னு சேத்துருக்கோம், பயமில்ல" என்று மட்டும் சொன்னார். பிறகு என்னைப் பார்த்து, "என்ன வியாதின்னு நாங்க சொல்ல மாட்டோம். அது நீங்க சொல்ல வேண்டியது" என்றார்.

மறுநாள் காலை கொளஞ்சி வந்தாள். ஒரு கையில் தூக்குவாளி. இன்னொரு கையில் துணிப்பை, அதிலிருந்து வேப்பிலை எட்டிப் பார்த்தது. என் நெஞ்சைப் பார்த்தாள். கையில் ஏறும் குளுக்கோஸ் ஊசியைப் பார்த்தாள். தூக்குவாளியைத் தரையில் வைத்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள்.

"ஊசி போட்டுட்டாங்களா? அம்ம போட்ட ஒடம்புங்க அது! ஆத்தா இன்னும் முழுசா எறங்கல, கையில நின்னுச்சு, நான் பாத்தேன். யாரக் கேட்டு இங்க வந்தீங்க?"

டாக்டர் வார்டுக்கு வந்தபோது அவரிடமும் கேட்டாள். கிருமி கூட்டமாகச் சாகும்போது அதன் விஷம் ரத்தத்தில் கலந்து இந்தக் காய்ச்சல் வரும், ஒரு நாளில் போய்விடும் என்று அவர் பொதுவாகச் சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன்.

அன்று காலை முழுவதும் அவள் என் கட்டிலை விட்டு நகரவில்லை. ஈரத் துணியால் துடைத்தாள். கொண்டுவந்த கஞ்சியை ஆற்றி ஊட்டினாள். சட்டைப் பையில் ஆலோசகர் அம்மா கொடுத்த சீட்டு இருந்தது, மனைவியை அழைத்து வருவதற்கான சீட்டு. பத்துத் தடவை வாயைத் திறந்தேன். பத்துத் தடவையும் "தண்ணி" என்றேன்.

மத்தியானம் காய்ச்சல் இறங்கியது. அவள் தலையணைக்கு அடியில் ஒரு கொத்து வேப்பிலையை வைத்துவிட்டு, கிழக்கே பார்த்து நின்று கும்பிட்டாள். அவளுக்கு முழங்கால் தேய்மானம். பஸ் படி ஏறவே கம்பியைப் பிடித்து இழுத்துத்தான் ஏறுவாள். அவள் மெதுவாகச் சொன்னது எனக்குக் கேட்டது.

"தெரியாமக் குத்திப்புட்டாங்க தாயே. கோவிச்சுக்காத. மாவெளக்கு மட்டுமில்ல, சிறுவாச்சூர் வந்து கோயிலச் சுத்தி அங்கப்பிரதட்சணம் பண்றேன். உருண்டே வரேன். இந்த மனுசன உட்டுடு."

அந்த முழங்காலோடு உருள்வேன் என்கிறாள். என் தப்புக்கு.

"கொளஞ்சி, உருள வேண்டாம்" என்றேன்.

"பேசாம இருங்க. ஆத்தா கேட்டுக்கிட்டு இருக்கா."

"ஆத்தா இல்ல. ஆத்தா வரவே இல்ல. நான் தப்புப் பண்ணிட்டேன். தை மாசம் லாரியில போனப்ப. இது அதுல வந்த சீக்கு. ஒனக்கும் வந்துருக்கலாமாம். ஒனக்கும் ரத்தம் பாக்கணுமாம்."

என் வாழ்க்கையில் ஒரே மூச்சில் நான் பேசிய அதிகமான வார்த்தைகள் அவைதான்.

அவள் கத்துவாள் என்று காத்திருந்தேன். கத்தவில்லை. தூக்குவாளியை மூடினாள். மூடி சரியாக உட்காரவில்லை. திரும்பத் திரும்ப அழுத்திக்கொண்டே இருந்தாள்.

"பத்து நாளு" என்றாள். "பத்து நாளு ஒன்னைய ஆத்தான்னு கும்புட்டேன். கால்ல உழுந்தேன். அப்பவும் படுத்துக்கிட்டுப் பாத்துக்கிட்டுத்தான இருந்த?"

தலையணைக்கு அடியிலிருந்த வேப்பிலையை உருவிப் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டாள்.

மூன்றாம் நாள் என்னை வீட்டுக்கு அனுப்பினார்கள். கொளஞ்சியும் பரிசோதித்து மருந்து எடுத்து முடிக்கும்வரை ஒன்றாகப் படுக்கக் கூடாது, பிறகும் ஆணுறை போட வேண்டும் என்று ஆலோசகர் அம்மா சொன்னார். அவர் அதைச் சொல்லவே தேவையிருக்கவில்லை. வீட்டில் சோறு இருக்கும், பேச்சு இருக்காது. தட்டை வைக்கும் சத்தத்தில்தான் அவள் இருப்பது தெரியும்.

அப்படிப் பேச்சில்லாமல் போன மூன்று வாரப் பயம், நீல பெஞ்சில் உட்கார்ந்திருந்த பயத்தைவிடப் பெரிது. என் உடம்புக்கு மருந்து போய்விட்டது. அவள் உடம்பில் என்ன நடக்கிறது என்று தெரியாது. அவள் தலைவலி என்று நெற்றியைப் பிடித்தால் மூளைக்குப் போய்விட்டதோ என்பேன். ஊசியில் நூல் கோக்கத் தடவினால் கண்ணுக்கு வந்துவிட்டதோ என்பேன். எல்லாம் மனதுக்குள். அவள் முகம் கழுவும்போது உள்ளங்கையைத் திருட்டுத்தனமாகப் பார்ப்பேன். ஆலோசகர் அம்மா போன் செய்து, "அம்மாவக் கூட்டிட்டு வரலியே?" என்று இரண்டு முறை கேட்டார். வேறு ஒன்றும் திட்டவில்லை.

மூன்றாவது வாரம் துணிந்து கேட்டேன். "ஒரு தடவ வந்து ரத்தம் குடுத்துட்டு வந்துரு."

அவள் முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"எதுக்குப் பெரம்பலூரு? அரியலூருக்கே போறேன். வாசல்ல என் தம்பி நிப்பான். என்னாக்கா ஒடம்புக்குன்னு கேப்பான். நீ வந்து பதில் சொல்லு. நான் எதுக்கு ஊரு தாண்டி ஒளிஞ்சு போவணும்? நானா லாரியில போனேன்?"

மறுநாள் வேலையில் ஒரு மூட்டையைத் தவறவிட்டேன். அதற்கு மறுநாள் சாப்பிடும்போது சொன்னேன்.

"அரியலூருக்கே போலாம். நானே சொல்றேன் ஒன் தம்பிகிட்ட."

"ஒனக்குச் சொல்ல வருமா?"

"வராது. ஆனாலும் சொல்றேன்."

அவள் என்னை ஒரு நிமிஷம் பார்த்தாள். மூன்று வாரத்தில் முதல் தடவை. பிறகு உள்ளே போய் அரிசியை ஊறப் போட்டாள்.

விடிந்தால் வெள்ளிக்கிழமை. அரிசியும் வெல்லமும் எடுத்துக்கொண்டு கிளம்பினாள். எங்கே என்று அவள் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. பின்னால் போனேன். பெரம்பலூரில் பஸ் மாறிச் சிறுவாச்சூரில் இறங்கினாள். கோயிலில் மற்றப் பெண்களோடு உட்கார்ந்து மாவு இடித்தாள். விளக்கு ஏற்றிக் கும்பிட்டாள். நான் தூரத்தில் நின்றேன். எனக்குக் கிட்டே போகும் தைரியம் இல்லை. திரும்பும்போது மாவில் ஓர் உருண்டையை என் கையில் வைத்தாள்.

"அம்ம இல்லன்னு தெரிஞ்சும் எதுக்கு?" என்று கேட்டுவிட்டேன்.

"வேண்டுனது வேண்டுனதுதான். முட்டி உட்டா உருளவும் செய்வேன். ஆத்தாகிட்டப் பொய் சொன்னது நீ, நான் இல்ல."

பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டில் எங்கள் ஊர்ப் பக்கம் போகும் பஸ் நின்றுகொண்டிருந்தது. நான் ஏறக் கம்பியைப் பிடித்தேன். அவள் ஏறவில்லை.

"அந்த ஆஸ்பத்திரி எந்தப் பக்கம்? அன்னைக்கு இருந்த இருப்புல வழியே பாக்கல."

அவளுக்கு ரத்தம் எடுத்தார்கள். அதே நீல பெஞ்ச். அவள் ஒரு முனையில், நான் ஒரு முனையில். எச்ஐவி இல்லை. சிபிலிஸ் இருந்தது. ஒன்றுக்குப் பதினாறு. புண் இல்லை, தடிப்பு இல்லை, ஒன்றுமே இல்லை, ஆனால் உள்ளே இருந்தது. தொற்றி ஒரு வருஷம் ஆகவில்லை என்பது நிச்சயமாகத் தெரிவதால் அவளுக்கும் ஒரு தடவை ஊசி போதும் என்றார் டாக்டர். கதவுக்குள்ளிருந்து அவள் 'அம்மா' என்று கத்தியது வெளியே கேட்டது. அதைக் கேட்டுக்கொண்டு அந்த பெஞ்சில் உட்கார்ந்திருந்ததுதான் எனக்குக் கிடைத்த தண்டனை.

பின் பரிசோதனையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பலர் ஊசி போட்டதோடு விட்டுவிடுகிறார்களாம். மூன்றாம் மாதம், ஆறாம் மாதம், பன்னிரண்டாம் மாதம் ரத்தம் கொடுக்க வேண்டும். எண் நாலில் ஒரு பங்காகவாவது இறங்க வேண்டும். எனக்கு முப்பத்திரண்டு எட்டாகி, ஆறாம் மாதம் நாலானது. அவளுக்குப் பதினாறு நாலாகி, இப்போது இரண்டில் நிற்கிறது. எச்ஐவி இரண்டாம் முறையும் இல்லை. இன்னும் ஒரு பரிசோதனை இருக்கிறது. நாள் நெருங்க நெருங்க எனக்குத் தூக்கம் குறைகிறது. குளிக்கும்போது உள்ளங்காலைத் தூக்கிப் பார்க்கும் பழக்கம் போகவில்லை. மறுபடி தப்புச் செய்தால் மறுபடி வரும், ஒரு தடவை வந்ததால் உடம்பு தாங்கிக்கொள்ளும் என்பதெல்லாம் இல்லை என்று டாக்டர் சொன்னதையும் எழுதச் சொன்னார்கள்.

அவளுக்கு ஊசி போட்ட அன்று சாயங்காலம் வீட்டில் காய்ச்சல் வந்தது. எனக்கு வந்த அளவு இல்லை, லேசாகத்தான். அதே நடு வீட்டில் அதே பாயை விரித்தேன். வேப்பிலை போடவில்லை. ஈரத் துணியைப் பிழிந்து நெற்றியில் போட்டேன். அவள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். பாயோரம் மண்டியிட்டு உட்கார்ந்தேன். என்ன சொல்வது என்று தெரியாமல், எனக்குத் தெரிந்த ஒன்றைக் கேட்டேன்.

"என்ன வேணும்? எளநீ வெட்டட்டுமா?"

திரும்பாமலே கேட்டாள்.

"ஆத்தாளக் கேக்குறியா, என்னையக் கேக்குறியா?"

"ஒன்னையத்தான்."

"வாயெல்லாம் கசக்குது" என்றாள். "ரசம் வைங்க. கடுகு நல்லா வெடிக்கணும்."

நான் அடுப்படிக்குப் போனேன். எண்ணெய் காய்கிறதா என்று பார்க்கக்கூடத் தெரியாதவன். ஒரு கடுகை எடுத்துப் போட்டுப் பார்த்தேன், வெடித்தது. பிறகு கை கொண்ட மட்டும் அள்ளிப் போட்டேன்.